சீர்க் கட்டிலில் பொன்வண்டு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: என் தம்பி தமிழ்மணி, அவன் மகள் சுபஸ்ரீ, மாப்பிள்ளை சித்தார்த், அவருடைய அம்மா பிரேமலதா, கட்டிலைச் செய்த தச்சர் அற்புதசாமி, சுபஸ்ரீயின் அத்தையான நான், மயிலம்மாள். வேறு யாரும் இல்லை. ஆகவே வேறு யார் சொல்வதையும் நம்பவேண்டாம்.

கல்யாணத்துக்கு நாங்கள் சீராகக் கொடுத்த கட்டில், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் பக்கத்து அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. அதன் காலில் துளை போட்டுக்கொண்டு ஒரு பொன்வண்டு வெளியே வந்து சன்னல் திரையில் உட்கார்ந்திருக்கிறது. சம்பந்தியம்மாள் போன் செய்தார். தச்சரையும் அழைத்துக்கொண்டு போனோம்.

“உளுத்த மரத்துல கட்டில் செஞ்சு பொண்ணோட அனுப்பிட்டீங்களே. எடுத்துட்டுப் போயிடுங்க, நாங்க கடையில வாங்கிக்கிறோம்” என்றார் பிரேமலதா.

சுபஸ்ரீ தலையைக் குனிந்தாள். “சரிங்க, வண்டி சொல்லிடறேன்” என்று தமிழ்மணி செல்போனை எடுத்தான். அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். கட்டில் திரும்பிப் போனால், அந்த வீட்டில் அவள் என்றைக்கும் குனிந்த தலையோடுதான் இருக்கவேண்டும்.

“உளுத்த மரம்னா மாவு கொட்டும், சம்பந்தியம்மா. தரையில எங்க மாவு?”

“கூட்டிட்டேன்.”

“ஒரு தடவை கூட்டினா நின்னுடுமா? தினமும்ல கொட்டும்!”

ஜீயபுரத்தில் எங்கள் வாழைக்கொல்லை ஓரம் நின்ற பூவரசு அது. புயலில் சாய்ந்த பிறகும் ஓராண்டு துளிர்விட்டது. துளிர்க்கிற மரத்தை எங்கள் வீட்டில் வெட்டுவதில்லை. நலிந்து நிற்கும் மரத்தைத்தான் பொன்வண்டு தேடி வரும்; பட்டை வெடிப்பில் முட்டையிடும். தட்டைத் தலைப் புழு மரத்துக்குள் போய்விடும். மரம் காய்ந்தால் தீனியில் சத்துக் குறையும். புழு மெதுவாக வளர்ந்து, பல வருடம் கழித்து வண்டாக வெளியே வரும். இழைத்த கட்டிலில் அது மறுபடி முட்டையிடாது.

இதையெல்லாம் சொன்னேன். “வண்டுக்கு வக்கீலா நீங்க?” என்றார் பிரேமலதா. மாப்பிள்ளை சிரித்தார்; சுபஸ்ரீ பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“அற்புதசாமி, அந்தக் காலை அறுங்க” என்றேன். “உள்ள உளுத்திருந்தா, கட்டிலை நானே தலையில வச்சுத் தெருவோட போறேன். இல்லைன்னா, இந்தப் பேச்சு இனிமே இந்த வீட்டுல வரக்கூடாது.”

“அக்கா, வேணாம்” என்றான் தமிழ்மணி.

ரம்பம் லேசில் இறங்கவில்லை. அறுத்த காலை உளி வைத்துப் பிளந்தார் அற்புதசாமி. இறுகிய மரத்தில் புழு குடைந்த வழிகள் இரண்டே இரண்டு. ஒன்று துளையில் முடிந்தது. மற்றதன் முனையில், பச்சையும் செம்பும் மின்ன, இன்னொரு பொன்வண்டு கால்களை அசைத்தது.

“ஐயோ, இன்னொண்ணு!”

“இருக்கட்டும். மரத்தைத் தொட்டுப் பாருங்க.”

பிரேமலதா நகத்தால் அழுத்தினார். தடம் விழவில்லை.

“கால் போச்சே” என்றார், குரலை இறக்கி.

“புதுக் கால் வரும்.”

“அதே மரத்துலயா?”

“அதே மரத்துல.”

சுபஸ்ரீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

கட்டில் திரும்பி வந்துவிட்டதாக ஜீயபுரத்தில் பேசிக்கொள்கிறார்கள். வரவில்லை. பஸ்ஸில் என் மடியில் வந்தது அந்த அறுத்த கால்.