செவ்வாயும் வெள்ளியும்

பாக்கியநாதன் இறந்தபோது அவர் மடியில் ராசாத்தியின் துணிப்பை இருந்தது. உள்ளே அவளுடைய ஆஸ்பத்திரி ஃபைல், ஒரு சால்வை, இலையில் கட்டிய இரண்டு இட்லி, அவர் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி. சேலத்தில் அந்த ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறைக்கு வெளியே, பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் அந்த வழியாகப் போனவர்கள் நினைத்தார்கள். நான்கு மணி நேரம் கழித்து வெளியே வந்த ராசாத்தி, "அண்ணா, போலாமுங்களா" என்று தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அதில் பாதிக்கு மேல் சேலம் ஏற்காடு வழியில். ஓய்வு பெற்றபின் விசில்தான் போனதே தவிர, வாய் அப்படியே இருந்தது. காலையில் மகள் ஷெர்லின் பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குக் கிளம்பினால், வாசலில் நின்றுகொண்டு, "சில்லறை வெச்சுக்கிட்டு ஏறுங்க மேடம்" என்பார். மருமகனுக்குத் திருப்பூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவான். மனைவி இன்பமேரிக்கு முடக்குவாதம், விரல் மடங்காது. அதனால் அறுபது வயதில் பேத்தி ரோஷ்னிக்கு இரட்டைச் சடை பின்னப் பழகினார். முதல் மாதம் அந்தப் பிள்ளையின் தலை குருவிக்கூடு மாதிரி இருந்தது. அதைப் பார்த்து அதிகம் சிரித்தவரும் அவர்தான்.

மூன்று வருஷத்துக்கு முன், உறவுக்காரர் ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் ராசாத்தியையும் அவள் கணவன் மாதையனையும் கண்டார். இருவரும் கொட்டச்சேட்டில் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குப் புரிந்திருந்தது. எந்த வரிசையில் நிற்பது, எந்தச் சீட்டை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் இரண்டாவது நாளாக நின்றுகொண்டிருந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போகாவிட்டால் மாதையனின் வீட்டில் அடுப்பு எரியாது.

"நான் சும்மாத்தானே இருக்கறேன்" என்றார் பாக்கியநாதன்.

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு டியூட்டி. ராசாத்தி கொட்டச்சேட்டில் முதல் பஸ் ஏறி வருவாள். அவர் ஏற்காட்டில் ஏறிக்கொள்வார். கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்கு வயிற்றைப் புரட்டும். "பதினெட்டு முடிஞ்சுது சாமி, இன்னும் ரெண்டே ரெண்டுதான். அதையும் நாளைக்கு எடுத்துடறாங்களாம்" என்று சத்தமாகச் சொல்வார். பஸ்ஸே சிரிக்கும். கண்புரைக்கு வந்த கிழவர்கள், பென்ஷன் மனு எழுத வந்தவர்கள் என்று மற்றவர்களுக்கும் ஓடினார். ஆனால் இந்த இரண்டு நாளில் மட்டும் வேறு எதற்கும் வரமாட்டார்.

ஷெர்லினுக்கு அதுதான் உறுத்தியது. ரோஷ்னியின் பள்ளி ஆண்டு விழா ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளை தனியாக மேடையில் பாட இருந்தது. மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று டயாலிசிஸ் தாமதமாகிவிட்டது. அவர் வீடு வந்து சேர்ந்தபோது மணி ஆறரை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

"எங்களைவிட அந்தம்மாதான் உங்களுக்குப் பெருசுன்னா அங்கயே போய் இருந்துக்கங்கப்பா" என்றாள் ஷெர்லின்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். "தப்புத்தான் கண்ணு." பிறகு பேத்தியைப் பாடச் சொல்லி, மூன்று தடவை கேட்டார்.

ஷெர்லின் நான்கு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை விடிகாலையில் அவர் சட்டைப் பொத்தானைப் போடாமல் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு நின்றதைச் சமையலறையிலிருந்து பார்த்தாள். "வாயு" என்று அவராகவே சொன்னார். என்ன செய்கிறது என்ற கேள்வி வாய்வரை வந்தது, அவள் கேட்கவில்லை. அன்று மத்தியானம் பள்ளி ஆபீசுக்குப் போன் வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் ராசாத்தி வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்று, சேலைத் தலைப்பில் சுற்றியிருந்த ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

"அண்ணன் கண்ணாடிங்க அம்மிணி. அன்னிக்கு என்ர பையிலயே தங்கிடுச்சு."

ஷெர்லின் கையை நீட்டவில்லை. "உங்களாலதான் எங்கப்பா செத்தாரு. இனிமே எங்க ஊட்டுப் பக்கம் வராதீங்க."

ராசாத்தி கண்ணாடியைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு இருக்கும் திசையில் மெல்ல நடந்து போனாள்.

முப்பதாம் நாள் திருப்பலியில் அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசும்படி பங்குத்தந்தை ஷெர்லினிடம் கேட்டிருந்தார். பத்தொன்பதாம் நாள் ஒரு தாளை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். 'என் அப்பா எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர்' என்று எழுதினாள். அடுத்த வரி வரவில்லை. இன்பமேரி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"கொட்டச்சேட்டு பஸ் கண்டக்டரைப் பாத்தேன். அந்தப் பொண்ணு ரெண்டு நடையா வரலையாம்."

"மாதையன் கூட்டிட்டுப் போயிருப்பாரு."

"பஸ்ஸுலயே காணமாம் கண்ணு."

ஷெர்லின் பேனாவை மூடினாள். இரண்டு நடை என்றால் ஒரு வாரத்துக்கு மேல். மறுநாள் ஞாயிறு. காலைப் பூசைக்குக்கூடப் போகாமல் தாயும் மகளும் ஒரு ஜீப் பிடித்துக் கொட்டச்சேடு போனார்கள். பாதை முழுக்க மூடுபனி. டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தான்.

எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. ராசாத்தி சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. மாதையன் எழுந்து பாயை விரித்தார்.

"ஏனுங்க, ஏன் போகலை?" என்றாள் ஷெர்லின்.

"முதல்ல ரெண்டு நடை நானே கூட்டிட்டுப் போனேனுங்க அம்மிணி. அப்பறம் எஸ்டேட்டுல ஆள் கொறையுது, வந்தே ஆகோணும்னுட்டாங்க. தனியா அனுப்பிச்சேன். ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கறா. அந்தப் பெஞ்சைப் பாத்துட்டு உள்ள போகாமத் திரும்பிட்டா. அதுக்கப்பறம் எந்திரிக்கவே இல்லீங்க."

ராசாத்தி ஷெர்லினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் உசுரை எடுத்துக்கிட்டு நான் இன்னும் எத்தனை நாளுக்குங்க" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

"நான் சொன்னது தப்புங்க. துக்கத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். எந்திரிங்க, போலாம்."

"நீங்க சொல்லாட்டியும் எனக்குத் தெரியுமுங்களே."

ஜீப்பிலேயே குப்பனூர் வழியாக இறங்கினார்கள். ஷெர்லின் பின்சீட்டில் அவளைத் தன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்பாவாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார் என்று தோன்றியது. அவளுக்கு ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் "ஆச்சு, ஆச்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் உடனே எடுத்துக்கொண்டார்கள். அன்றும் மறுநாளும் டயாலிசிஸ் நடந்தது. ஆனால் நுரையீரலில் நீர் கோத்து, இதயமும் தளர்ந்துவிட்டது என்றார் டாக்டர். "ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்தவர், ஷெர்லினின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். புதன்கிழமை மத்தியானம் ராசாத்தி இறந்தாள்.

கொட்டச்சேட்டில் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஷெர்லின் மாதையனிடம் போய் நின்றாள். அன்று கேட்டுக்கு வெளியே ராசாத்தியிடம் தான் சொன்னதை அப்படியே சொன்னாள். ராசாத்தி அதைக் கணவனிடம் சொல்லியிருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"அவளுக்கு அந்த ஊசியும் மிசினும் கொஞ்சங்கூடப் புடிக்காதுங்க" என்றார். "மொத மாசமே வரமாட்டேன்னுதான் சொன்னா. அண்ணன் பஸ்ஸுல சிரிக்க வெக்கறாருன்னுதான் மூணு வருசம் போனா." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க சொல்லியிருக்க வேண்டாமுங்க அம்மிணி" என்றார். குரலை உயர்த்தவில்லை.

முப்பதாம் நாள் கோயில் நிறைந்திருந்தது. டிரைவர்கள், கண்டக்டர்கள், மஞ்சக்குட்டை கிராமத்திலிருந்து வந்த, கண்புரை அறுவை செய்துகொண்ட கிழவர்கள், ரோஷ்னியின் டீச்சர்கள். ஷெர்லின் தாளில்லாமல் போய் நின்றாள். அப்பா எப்படி இறந்தார் என்று சொன்னாள். அதற்கு நான்கு நாள் முன் அவரிடம் தான் சொன்னதையும், அவர் நெஞ்சைத் தேய்த்ததைப் பார்த்தும் கேட்காததையும் சொன்னாள். ராசாத்தியிடம் சொன்னதையும் சொன்னாள். "அப்பா இருந்திருந்தா என்னைத் திட்டியிருக்க மாட்டாரு. அதுதான் தாங்க முடியலை" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். யாரோ இருமினார்கள். முன் வரிசையில் இன்பமேரி மடங்காத விரல்களை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

வெளியே சாப்பாட்டுப் பந்தியில் மாதையன் ஓரமாக நின்றார். வருவார் என்று ஷெர்லின் நினைக்கவில்லை. உட்கார வைத்து இலை போட்டாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டார். இரண்டாவது தடவை சோறு கொண்டுவந்தபோது இலைமேல் கையை மறித்து, "போதுமுங்க" என்றார். அவள் சோற்றுப் பாத்திரத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.