கட்டிலடி ஜெர்ரி

அன்று காலை ஜெர்ரியைத் தூக்கியபோது அது கனக்கவில்லை. ஒன்பது வருஷமாகத் தினமும் ஆறு மணிக்கு அக்காவின் கட்டிலடியில் குனிந்து, அந்தப் பீங்கான் மூத்திரச் சட்டியை இழுத்து, மேலே ஒரு பழந்துணியைப் போட்டு மூடி, குறுகலான மாடிப்படியில் பார்த்துப் பார்த்து இறங்கி, முற்றத்துக் கோடியிலிருக்கும் கக்கூஸில் கொட்டிவிட்டு வருகிறவள் நான். அதன் எடை என் கைக்கு அரைத் தூக்கத்திலும் தெரியும். துணியை விலக்கிப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் நான் கழுவி வைத்தபடியே உலர்ந்து கிடந்தது.

வீட்டுக்கு வரும் நர்ஸ் அதற்கு ஏதோ மரியாதையான பெயர் சொல்வாள். எங்கள் தெருவில் அது ஜெர்ரிதான். "உங்க வீட்ல இருக்கற ஒரே ஆம்பள அவன்தானே" என்று நார்மன் கிண்டல் செய்வான். நார்மன் எங்கள் நூல் ஆலையில் ஃபிட்டர். ஆறு வருஷமாக என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறான். ஆறு வருஷமாக நானும், "அக்காவ யாரு பாத்துப்பா?" என்றே சொல்லி வருகிறேன். இப்போது அவனுக்குக் கனடாவில் வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான், கோபமே இல்லாமல்.

ஹில்டா அக்கா அதே ஆலையின் படிக்கட்டில் விழுந்து முதுகை உடைத்துக்கொண்டவள். கட்டில் காலைப் பிடித்து இறங்கி ஜெர்ரியில் உட்காரலாம். ஓரடி எடுத்து வைக்க முடியாது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"என்னக்கா, ராத்திரி பூரா இது வேண்டியிருக்கலியா?"

அவள் தலையணையில் சாய்ந்து எதையோ பின்னிக்கொண்டிருந்தாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தண்ணியே குடிக்கல, கண்ணு."

படுக்கும் முன் அவளுக்கு இரண்டு கோப்பை டீ கொடுத்தவள் நான்.

சந்தேகம் மூட்டைப்பூச்சி மாதிரி. ஒன்றைப் பார்த்துவிட்டால் வீடு முழுக்கத் தேடச் சொல்லும். கீழே ரேடியோவின் முள் அடிக்கடி இடம் மாறியிருந்தது. பிஸ்கட் டப்பா சீக்கிரம் காலியானது. எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு டக்வொர்த்தம்மாவின் தலையில் கட்டியிருந்தேன். எங்கள் வீட்டு இன்னொரு சாவி அவளிடம்தான். மத்தியானம் அக்காவுக்கு சூப் கொண்டுவருகிறவளும் அவள்தான். அவள் பிஸ்கட் திருடி என்று ஆலையில் நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

வியாழக்கிழமைதோறும் டக்வொர்த்தம்மா மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த வியாழன் காலை ஜெர்ரியைக் கழுவினேன். மேலே கொண்டுபோகவில்லை. கீழே பின்கட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், வாளிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்று நூல் எத்தனை முறை அறுந்ததோ கணக்கில்லை. கூடப்பிறந்தவளை இப்படிச் சோதிக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. படுக்கையை நனைத்திருக்கட்டும் கடவுளே, என்று வேண்டிக்கொண்டேன். நனைத்திருந்தால் சாகும்வரை அவளுக்குத் துணி துவைத்துப் போடுகிறேன்.

சாயங்காலம் தெருமுனையில் பஸ்ஸிலிருந்து டக்வொர்த்தம்மா இறங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு எங்க வீட்டுப் பக்கம் போனீங்களா?"

"நான் எங்க போக? காலைல ஏழு மணிக்குக் கெளம்பினவ, இப்பத்தான் வர்றேன். ஏன், ஹில்டாவுக்கு ஏதாவது முடியலையா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்."

பின்கட்டுக்குப் போனேன். வாளி இருந்தது. அதன் பின்னால் ஒன்றுமில்லை.

மாடி ஏறினேன். படுக்கை உலர்ந்திருந்தது. கட்டிலடியில், எப்போதும் இருக்கிற இடத்தில், கைப்பிடி என் பக்கம் திரும்பியபடி ஜெர்ரி இருந்தது. பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

"லேட்டாயிடுச்சே இன்னிக்கு. அத கொஞ்சம் கொட்டிடறியா, கண்ணு?"

வழக்கமான குரல்தான். ஊசிகள் மட்டும் நின்றிருந்தன. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இவளுக்கு நடக்க வருமென்றால், ஞாயிற்றுக்கிழமை நார்மனிடம் சொல்ல என்னிடம் ஒரு சாக்கும் இல்லை.

"கீழ டீ போடறேன்" என்றேன்.

"மேலேயே கொண்டாந்துடு."

"இல்லக்கா. கீழதான் வெப்பேன்."

ஜெர்ரியைத் தொடாமல் இறங்கி வந்தேன். மேஜையில் இரண்டு கோப்பை வைத்து ஊற்றினேன். கோட்டைக்கூடக் கழற்றாமல், மாடிப்படியைப் பார்த்து உட்கார்ந்தேன். என் டீ ஆறி மேலே ஆடை கட்டியது. பிறகு மாடியில் கட்டில் கிறீச்சிட்டது. அதன் பின், பலகைத் தரையில் பீங்கான் மெல்ல உரசிக்கொண்டு வெளியே வந்தது. அதைத் தொடர்ந்து, மாடிப்படியை நோக்கி ஒரு காலடி.