ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி

பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்த மாணிக்கவேலின் கையிலிருந்து அரிவாளை வாங்கிக் கீழே வைத்தாள் பூவாயி. அழுது ஓய்ந்த முகம். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அவள் புருஷன் கொளஞ்சியப்பன் உள்ளே கூடத்தில் கிடந்தார்.

“தம்பி, இன்னிக்கி ஞாயித்துக்கெழம. மூணு மணிக்கு ஒங்கண்ணன் போற எடத்துக்குப் போயி சொல்லிட்டு வா. அவங்க வராம எடுக்கக் கூடாது.”

“எந்த எடம் அண்ணி?”

அவளுக்கும் தெரியாது. ரயில் லைனைத் தாண்டி, குடியை நிறுத்தியவர்கள் கூடும் ஒரு கூட்டம் என்பார், அவ்வளவுதான். அங்கே வருகிறவர்கள் யாரென்று வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. சர்க்காரே சாராயக்கடையைத் திறந்து ஊரே வரிசையில் நின்ற வருஷத்தில் குடியை விட்டவர் கொளஞ்சியப்பன். வாரம் முழுக்கப் பீங்கான் சூளையில் வெந்துவிட்டு, ஞாயிறு மதியம் வெளுத்த சட்டையும் கையில் சர்க்கரைப் பொட்டலமுமாகக் கிளம்பிவிடுவார். பெரிய மனுஷர்களோடு ஒளிந்து குடிக்கிறாயா என்று மாணிக்கவேல் கேலி செய்ததுண்டு. ஒரு நாள் வந்து பாருடா என்று சிரிப்பதோடு சரி.

பூவாயி குரலைத் தாழ்த்தினாள். “எங்களுக்குப் புள்ள இல்ல. நீதான் கொள்ளி வைக்கணும். சாராயத்தத் தொடாம வந்து வையி தம்பி. இன்னிக்கி ஒரு நாளு.”

பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்று பங்காளி நடராசன் முணுமுணுத்தார்.

சாவு அமளியில் மாணிக்கவேல் காலையிலிருந்து குடிக்கவில்லை. அவன் பிளந்த மூங்கிலெல்லாம் கோணிக்கொண்டு கிடந்தது.

லைனுக்கு அந்தப் பக்கம் டீக்கடையிலும் சைக்கிள் கடையிலும் விசாரித்தான். எந்தக் கட்சிக் கூட்டம் என்று திருப்பிக் கேட்டார்கள். குடியை விட்டவர்களின் கூட்டம் என்றதும், இந்த ஊரிலா என்று சிரித்தார்கள். மணி இரண்டரை. வேறு வழி தெரியாமல் தனக்கோடியின் சாராயக்கடைக்கே போனான். வருவதை நிறுத்தியவர்கள் எங்கே போகிறார்கள் என்று கடைக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்?

தெரிந்திருந்தது. “மாதா கோயில் ஸ்கூலுக்குப் பின்னாடி ரூம்பு. நம்ம யாவாரத்தக் கெடுக்கவே நடத்துறானுங்க” என்றவன், விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடினான். ஒரு கிளாஸில் ஊற்றி முன்னால் நகர்த்தினான். “காசு வாணாம். ஒங்கண்ணன் தங்கமான மனுசன்.”

அதுவும் அன்புதான். மாணிக்கவேலுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “திரும்பி வந்து குடிக்கிறேண்ணே” என்றான். அது பொய்யா மெய்யா என்று அவனுக்கே தெரியவில்லை. பழமலைநாதா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்தான்.

ஸ்கூலுக்குப் பின்னாலிருந்த அந்த அறையில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரயில்வே கேட் சுப்புராயனைத் தெரிந்தது. கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் அம்பி ஐயரைப் பார்த்ததும் திகைத்துப் போனான். புதிதாக வருகிறவனை ஏன் வந்தாய் என்று கேட்பது அங்கே வழக்கமில்லை. அம்பி நகர்ந்து இடம் விட்டார். “உக்காருங்கோ. சர்க்கரை கொண்டுவர்றவர் இன்னும் வரலை. வந்ததும் டீ.”

ஸ்டவ்வில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. விஷயத்தை எப்படிச் சொல்வதென்று மாணிக்கவேல் யோசித்தான். அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் பெயரையும் குடிக்காமல் எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் சொன்னார்கள். ஒருவர் ஐந்து வருஷம் என்றார். ஒருவர் பதினோரு நாள் என்றார். இருவருக்கும் ஒரே மாதிரிதான் தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

“மாணிக்கவேலு” என்றான். “காலையிலேருந்து.”

யாரும் சிரிக்கவில்லை. பதினோரு நாள்காரர் அவன் முதுகில் கை வைத்தார். “அதாங்க கஷ்டம். மீதியெல்லாம் அது மாதிரி இல்ல.”

சுப்புராயன் உற்றுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. “நீங்க கொளஞ்சியோட தம்பிதான? பாத்தீங்களா ஐயரே, வந்துட்டாரு. எந்தம்பி ஒரு நாளு வருவான்னு வாராவாரம் சொல்லுவாரு. இப்ப வந்து பாத்தா மனுசன் அழுதுடுவாரு.”

அந்தச் சந்தோஷத்தைக் கலைக்க மாணிக்கவேலுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

“அண்ணன் போயிட்டாருங்க. விடியக்காலம். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

அம்பி எழுந்து ஸ்டவ்வை அணைத்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

ஐந்து பேரும் வாசலில் வந்து நின்றதும் பூவாயி எழுந்து கும்பிட்டாள். யார் இவர்கள் என்று நடராசன் கேட்டார். பழக்கம் என்று மட்டும் சொன்னார் சுப்புராயன். பாடையைத் தூக்கும்போது அம்பியும் தோள் கொடுத்தார். ஐயர் பாடை தூக்குவதைத் தெருவில் சிலர் திண்ணையை விட்டு இறங்கி வந்து பார்த்தார்கள்.

மணிமுத்தாற்றங்கரையில், பொழுது சாய்வதற்குள் மாணிக்கவேல் கொள்ளி வைத்தான். சாவுக்கு வந்த ஊர் ஆட்களில் சிலர் புளியமரத்தடியில் புட்டியைத் திறந்தார்கள். வா பங்காளி என்று ஒருவன் கூப்பிட்டான். மாணிக்கவேல் ஆற்றில் இறங்கினான். ஐப்பசித் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. மூன்று முழுக்குப் போட்டுக் கரையேறி, துண்டைக் கட்டிக்கொண்டு வேட்டியைப் பிழியப் பார்த்தான். விரல்கள் மடங்கவில்லை.

சுப்புராயன் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவன் கையின் நடுக்கம் துணி வழியாக அவரிடம் போயிருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் பக்கத்தை இறுக்கிப் பிடித்து மெதுவாக முறுக்கினார். வேட்டியிலிருந்து தண்ணீர் மணலில் இறங்கிக்கொண்டே இருந்தது.