மூணு அங்குலக் குழாய்

தொரை பங்களாவின் குளியல் தொட்டிக்கு வெந்நீர்க் குழாய் போட என்னைக் கூப்பிட்டார்கள். அதைக் கேட்டதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவள் என் பெண்டாட்டி நேசமணிதான். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து அந்த பங்களாக் கொல்லையிலிருக்கும் பாய்லரிலிருந்து வாளி வாளியாக வெந்நீர் சுமப்பது அவள் வேலை. அந்தச் சம்பளமில்லாமல் எங்கள் லைன் வீட்டில் ஐந்து வயிறு நிறையாது.

"குழாய்ல தண்ணி வந்துட்டா எனக்கு அங்க இன்னா வேலை? உங்க கையாலயே என்னை வூட்டுக்கு அனுப்பப் போறீங்க," என்றாள்.

சுருக்கென்றது. ஆனாலும் சுரங்கத்தில் பத்து வருஷம் பைப் பிட்டராக இருந்தவன் நான். தெரிந்தே வேலையைக் கெடுக்கக் கை வராது. தொரையிடம் உள்ளதைச் சொன்னேன். பாய்லரைக் குளியலறைச் சுவரை ஒட்டி வையுங்கள், முக்கால் அங்குலக் குழாய் போதும், தண்ணீர்த் தொட்டியைக் கூரைமேல் ஏற்றுங்கள், உயரம் இருந்தால்தான் வேகம் இருக்கும் என்றேன்.

தொரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுரங்கத்துக்கே பம்பு போடுகிற இன்ஜினியர் அல்லவா. பாய்லர் புகை குளியலறைப் பக்கம் வரக் கூடாதாம். கூரைமேல் தொட்டி நின்றால் பங்களா அழகு கெடுமாம். வேகம் வேண்டுமென்றால் குழாயைப் பெரிசாக்கு, சுரங்கத்தில் பார்த்ததில்லையா என்றார். ஸ்டோரிலிருந்து மூணு அங்குலக் குழாய் எண்பதடி வந்து இறங்கியது. சுரங்கத்து ஷாப்டின் ஆழத்திலிருந்து தண்ணீர் இறைக்கிற குழாயை ஒரு மனுஷன் முதுகு கழுவப் போட்டேன். ஒரு மூட்டுகூட ஒழுகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்கழிக் குளிரில் தொரை தொட்டியில் உட்கார்ந்து குழாயைத் திறந்தார். அவ்வளவு நீளக் குழாயில் ஆறிக் கிடந்த ஏழு வாளித் தண்ணீர், சோம்பலாக வந்து தொட்டியை நிரப்பியது. சூடு வந்து சேர்ந்தபோது தொட்டியில் இடமில்லை. பாய்லர் அடியில் சோதனைக்காக நான் வைத்த சின்னக் குழாயிலோ ஆவி பறக்க வெந்நீர் பீறிட்டது. சமையல்காரர் முதல் குதிரைக்காரர் வரை அங்கே சுகமாகக் குளித்தார்கள்.

தப்பை ஒப்புக்கொள்ளத் தொரைக்கு வாய் வருமா? அந்தச் சின்னக் குழாயில் பிடித்துத் தொட்டிக்குச் சுமக்கும்படி நேசமணியிடம் சொன்னார். விருந்துக்கு வந்த மற்றத் தொரைகள் தொட்டியில் ஆவியைப் பார்த்தார்கள், சுவரில் தடித்த குழாயைப் பார்த்தார்கள். வாளியை யாரும் பார்க்கவில்லை. எங்கள் பங்களாவுக்கும் இதே மாதிரி வேண்டும் என்று மூன்று பேர் கேட்டார்கள்.

ஒரு நாள் காலை தொரை என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய், வெந்நீர் நேராகத் தொட்டிக்கே வர ஏதாவது வழி உண்டா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். பதில் என் நாக்கு நுனியில் நின்றது. இரண்டு கையிலும் வாளியோடு வந்த நேசமணி அப்படியே நின்றுவிட்டாள். வேலைக்காரன் மானம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. உள்ளதைத்தான் ஒரு தடவை சொல்லியாயிற்றே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"இல்லீங்க தொரை. இதைவிடப் பெரிய பைப்பு ஸ்டோர்ல கெடையாது," என்றேன்.