பகலில் மூடிய திரை

"கையை எடுடி!" என்று ஸ்வான்யா அதட்டியபோது, ஃபென்னாவின் விரல்கள் முன்னறைத் திரையின் ஓரத்தைப் பிடித்துவிட்டிருந்தன. "சாவு வீட்டுல யாராவது திரையைத் திறப்பாங்களா? உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாரு?"

அப்பா எதையும் நினைக்கிற நிலையில் இல்லை. காலையில் மூன்றாவது மாட்டைக் கறந்துகொண்டிருந்தவர் அப்படியே அதன் மேல் சாய்ந்தார். மாடு நகர்ந்ததும் தரையில் விழுந்தார். லம்மர்ட்டின் அறுபத்தாறு வருடம் அவ்வளவுதான். இப்போது பின்னறையில் வெள்ளைச் சட்டையும் வாரிய தலையுமாக, உயிரோடிருந்தபோது ஒருநாளும் காணாத ஒழுங்கோடு படுத்திருந்தார்.

அவரைக் குளிப்பாட்டியது, கடிகாரத்தை நிறுத்தியது, நிலைக்கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பியது, எல்லாம் ஸ்வான்யாதான். அந்த ஊரில் சாவு விழுந்தால் அடுத்த வீட்டுக்காரர்தான் அத்தனையும் செய்ய வேண்டும். பிடிக்கிறதோ இல்லையோ, முகம் கொடுத்துப் பேசுகிறார்களோ இல்லையோ, அது கடமை. பெற்ற மகள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கோப்பையைக்கூட நகர்த்தக் கூடாது. நல்ல வழக்கம்தான். ஆனால் அடுத்த வீட்டுக்காரன் ஸ்வான்யாவின் புருஷன் ரூலோஃப் ஆயிற்றே.

ஜெர்மன்காரன் ஊருக்குள் வந்த மறு மாதமே அவன் பக்கம் சாய்ந்து, கோட்டில் குத்திக்கொள்ள ஒரு கட்சிச் சின்னமும் துணைப் போலீஸ் வேலையும் வாங்கிக்கொண்டவன் ரூலோஃப். கால்வாய்க்கரைப் பண்ணையில் ஒளிந்திருந்த யூதத் தம்பதியைப் போன மாதம் காட்டிக்கொடுத்ததும் அவன்தான். இப்போது மாட்டுக்கொட்டிலில் அப்பாவுக்குப் பெட்டி அடித்துக்கொண்டிருந்தான்.

ஃபென்னாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு மணி ரயிலில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு பெண் வருகிறாள். அவளோடு நான்கு வயது யூதக் குழந்தை. இந்த வீட்டுக்குத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை அரசியல் என்றாலே கொட்டாவி விடுகிற மனிதர் அப்பா. ஒருநாள் பாலத்தருகில் ஒரு சிப்பாய் அவருடைய சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டான். ஏழு கிலோமீட்டர் நடந்து வந்தவர், "அவனுங்க தூக்கத்தைக் கெடுக்காம விடமாட்டேன்" என்றார். அடுத்த வாரம் போதகர் வந்து, ஓர் ஆளை ஒரே ஒரு ராத்திரி வைத்துக்கொள்ள முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்பா அவரைப் பேசி முடிக்கவே விடவில்லை. அதற்குப் பின் பரணில் பதினொரு பேர் தங்கிப் போய்விட்டார்கள்.

ஆள் கொண்டுவருகிறவர்களுக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. அந்த ஊரில் பகலில் திரை மூடுகிற பழக்கம் இல்லை. 'மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை, பார்த்துக்கொள்' என்று தெருவுக்கே காட்டிக்கொண்டு சாப்பிடுவார்கள். அதனால் திரை மூடியிருந்தால் வரலாம். திறந்திருந்தால் நிற்காமல் போய்விட வேண்டும் என்று அப்பாவும் மகளும் முடிவு செய்தார்கள். சாவு விழுந்தால் பகலிலும் மூடுவார்களே என்பது இருவர் புத்திக்கும் எட்டவில்லை. வீட்டில் இருந்ததே இரண்டு பேர். இருவருக்கும் சாகிற உத்தேசம் இல்லை.

"மூச்சு முட்டுது ஸ்வான்யா. கொஞ்சம் வெளிச்சம் வந்தா நல்லாருக்கும்."

"பின்கதவைத் திறந்து விடறேன். நீ உட்காரு."

"மாட்டுக்குத் தண்ணி..."

"எல்லாம் எங்க வீட்டுக்காரரு காட்டியாச்சு. பெத்த அப்பன் போயிருக்காரு, ஒரு சொட்டுக் கண்ணீரைக் காணோம். மாடாம், தண்ணியாம்!" ஸ்வான்யா வறுத்த பார்லித் தூளில் போட்ட காப்பியை அவள் கையில் திணித்தாள். "குடி. கசக்கும்தான். இப்ப எதுதான் கசக்கல?"

ரூலோஃப் கையில் முழக்கோலோடு உள்ளே வந்தான். தொப்பியை மரியாதையாகக் கழற்றினான்.

"ஃபென்னா, பலகை ரெண்டு குறையுது. பரண்ல புதுசா அடிச்ச பலகை தெரியுதே, அதைப் பேத்துக்கட்டுமா?"

அந்தப் பலகைக்குப் பின்னால்தான் குழந்தைக்கென்று அப்பா நேற்று வைக்கோல் பரப்பியிருந்தார். ஒரு சின்னத் தலையணையும் இருந்தது.

"வேணாம்" என்றாள். "அது பச்சை மரம். வளைஞ்சுடும். பழைய கொட்டில் கதவைப் பிரிச்சுக்குங்க. அது அவரு கையால செஞ்சது."

"அதுவும் சரிதான்" என்றான் ரூலோஃப். ஆனால் போகவில்லை. காப்பி வாசனைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "நல்ல மனுஷன். எங்கிட்ட பேசமாட்டாரு, அது வேற விஷயம்."

தூரத்தில் ரயில் கூவியது. ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் வந்தால் பத்து நிமிடம். ஃபென்னா ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். நடுவில் எண் தப்பியது. ஸ்வான்யாவோ இறுதி ஊர்வலத்துக்கு யார் வண்டி, யார் குதிரை என்று பேசிக்கொண்டே போனாள். பிறகு கல் பாவிய தெருவில் அந்தச் சத்தம் கேட்டது. ரப்பர் கிடைக்காத காலம். மரப் பட்டை கட்டிய சைக்கிள் சக்கரம் கடகடவென்று வந்தது.

அந்த ஊரில் யாரும் வாய்விட்டு அழுவதில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள்கூடக் கைக்குட்டைக்குள் இருமிவிட்டு நிறுத்திக்கொள்வாள். ஃபென்னா எழுந்தாள். "அப்பா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிறமாதிரி அலறினாள். இரண்டு கையாலும் திரையைப் பற்றி, தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினாள். கம்பி சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. சுண்ணாம்பும் வெளிச்சமும் ஒன்றாகக் கொட்டின.

"ஐயோ, புத்தி பேதலிச்சிடுச்சு!" என்றாள் ஸ்வான்யா.

சாம்பல் கோட்டுப் பெண் வாசலுக்கு நேரே ஒரு காலை ஊன்றியிருந்தாள். ஜன்னலுக்குள் பார்த்தாள். தரையில் ஒருத்தி கிடப்பதைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் குனிந்தவனின் கோட்டிலிருந்த சின்னத்தையும் பார்த்தாள். ஊன்றிய காலை எடுத்து மிதித்தாள். பின்னால் கேரியரில், பெரியவர்களின் கழுத்துத் துணியால் தலை சுற்றிய ஒரு குழந்தை. தூறல் விழத் தொடங்கியிருந்தது. திரும்பிப் போக நாளைக்குத்தான் ரயில். இந்த ஊரில் அவளுக்கு வேறொரு வீடு தெரியாது.

"அப்பா" என்றாள் ஃபென்னா மறுபடியும். இந்த முறை அது நடிப்பில்லை. தொண்டையிலிருந்து எதுவோ கிழித்துக்கொண்டு வந்தது; நிறுத்த முடியவில்லை. அவர் இருந்திருந்தால் இந்நேரம் கொட்டில் வழியாக ஓடி, வயலுக்குள் குறுக்கே போய் அவர்களை மடக்கியிருப்பார்.

ரூலோஃப் அவள் அருகில் மண்டியிட்டான். விழுந்த துணியை இழுத்துப் பார்த்தான். அவள் விடவில்லை.

"விடுங்க, அப்புறம் மாட்டிக்கலாம்" என்றாள் ஸ்வான்யா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "இப்பவாவது அழுதாளே."

"அழும்மா" என்றான் ரூலோஃப். ஒரு கையை அவள் தோளில் வைத்து மெல்லத் தட்டிக்கொடுத்தான். "நாங்க இருக்கோம். வெக்கப்படாத, நல்லா அழு."

வெளியே சக்கரச் சத்தம் கால்வாய்ப் பக்கம் திரும்பியது. முற்றிலும் ஓயும்வரை அவள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.