ரெங்கத்தின் கோழி ஏற்றுமதி

ஜப்பான்காரன் காலத்தில், 1943-ல், எங்கள் ரெங்கம் ஆயிரத்து இருநூறு கோழிகளை ஏற்றுமதி செய்து ஜொகூர் முழுவதையும் மூக்கின் மேல் விரல் வைக்கச் செய்தது. அப்போது ஊரில் இருந்தது ஒரே ஒரு கோழி. அதுவும் நொண்டி.

இதைச் சொன்னால் கோப்பிக் கடையே சிரிக்கும். வீரமுத்து மட்டும் சிரிக்க மாட்டான். ரெங்கம் ரயில் ஸ்டேஷனில் நான் குமாஸ்தா, அவன் கொடி காட்டுகிறவன். இருவரும் பென்சன் வாங்கி எத்தனையோ வருஷமாகிவிட்டது. என் வாயை அடைக்கும் வேலையிலிருந்து மட்டும் அவன் ஓய்வு பெறவில்லை.

"ஆரம்பிச்சிட்டான்லா! போன வாரம் ஐந்நூறு கோழின்னான். இன்னிக்கி ஆயிரத்து எரநூறு."

"வெலவாசி ஏறுதுல்ல?" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன்.

கதை குமரப்பன் செட்டியாருடையது. லண்டனில் படித்து, சிங்கப்பூரில் கல்லூரிப் பாடம் நடத்தியவர். நாடுகளுக்கு நடுவே சரக்கு எப்படிப் போகிறது, பணம் எப்படி வருகிறது, ஒன்றுக்கு இன்னொன்று எவ்வளவு பெறும் என்பதுதான் அவர் ஆராய்ச்சி. சிங்கப்பூர் விழுந்ததும், ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அந்த ஆராய்ச்சியோடும் மனைவி மீனாள் ஆச்சியோடும் ரெங்கத்தில் வந்து ஒண்டினார்.

அப்போது வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு அடைமழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. முட்டை வாங்கப் போகிறவன் நோட்டைச் சுமக்க இரண்டு ஆள் கூட்டிப்போவான். ஆளுக்குக் கூலி கொடுத்தபின் முட்டைக்குப் பணம் பற்றாது. ஊரை ஆண்ட மூக்குக்கண்ணாடி அதிகாரி செட்டியாரைக் கூப்பிட்டு, "விலை ஏன் ஏறுகிறது?" என்று கேட்டான்.

"நீங்கள் நோட்டு அடித்துத் தள்ளுவதால்" என்றார் இவர், வகுப்பில் சொல்வதுபோல.

பொழுது சாய்வதற்குள் அவர் பெயர், சயாமுக்குக் கூலி வேலைக்குப் பிடித்து அனுப்பும் பட்டியலில் ஏறிவிட்டது. அங்கே ரயில் பாதை போடப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை ரெங்கத்துக்குத் திரும்பவில்லை.

மீனாள் ஆச்சி தலையில் அடித்துக்கொண்டார். "இதச் சொல்ல லண்டனுக்கா போகணும்? நம்ம நொண்டிக் கோழிக்கே தெரியும்! சொல்லாம இருக்கறதுக்குத்தானே அம்புட்டுப் படிச்சீக?"

மறுநாள் செட்டியார் போய் அதிகாரியிடம் புதுக் கொள்கை ஒன்றை அவிழ்த்தார். "நேற்றுச் சொன்னது பழைய பாடம். சரக்கு குறையவில்லை, துவான். எண்ணுவதில்தான் குறை. ஒரு பொருள் கைமாறும் ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பாருங்கள். உண்மையான உற்பத்தி தெரியும்."

மூக்குக்கண்ணாடி நாற்காலியைக் கடைத்தெரு முனையில் போட்டு உட்கார்ந்தான். ஆச்சியின் கோழியைக் கடைக்கார அய்யாவு வாங்கிப் பக்கத்துக் கடைக்கு விற்றார்; அந்தக் கடை அடுத்த கடைக்கு விற்றது. தெருவை இத்தனை தடவை சுற்றியதில், சாயங்காலம் கோழியே நொண்டி நொண்டி அடுத்த கடைக்குப் போய்த் தராசில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"ஏன் எல்லாக் கோழியும் நொண்டுகிறது?" என்று கேட்டான் அதிகாரி.

"ரெங்கம் ரகம், துவான். வெளியூரில் கிடைக்காது" என்றார் செட்டியார்.

அதிகாரி பூரித்துப்போய், செட்டியார் பெயரை அடித்துவிடுவதாகச் சொல்லி, ஆயிரத்து இருநூறு என்று மேலிடத்துக்கு எழுதினான். மேலிடமும் பூரித்தது. அதுதான் வினை. 'உபரிக் கோழிகளைச் சயாம் ஆட்கள் ஏறும் அதே ரயிலில் அனுப்பு' என்று உத்தரவு வந்தது.

"கோழி ஏறாவிட்டால் நீ ஏறுவாய்" என்றான் அதிகாரி செட்டியாரிடம்.

"அலமாக்!" என்றார் கோப்பிக் கடையில் ஒருவர். வீரமுத்து கோப்பியை ஊதிக்கொண்டிருந்தான்.

செட்டியார் அசரவில்லை. பொந்தியான் அதிகாரியும் தன் ஊரில் கருவாடு மலையாகக் குவிந்திருப்பதாக எழுதி, இதே மாதிரி மாட்டிக்கொண்டிருந்தான். அங்கே கருவாட்டின் வாசனைகூட இல்லை. "நம் கோழி பொந்தியானுக்குப் போய்விட்டது, அவர்கள் கருவாடு இங்கே வந்துவிட்டது, இரண்டையும் சனங்கள் தின்றுவிட்டார்கள் என்று எழுதுங்கள். வரவும் செலவும் சரி" என்றார்.

ரயில் வரும் நாளன்று பொந்தியான் அதிகாரி நேரில் வந்து, எங்கள் ஸ்டேஷன் அறையில் உட்கார்ந்தான். ஒன்றே ஒன்றுதான் பாக்கி: ஒரு கோழிக்கு எத்தனை கட்டி கருவாடு? கட்டி என்பது எங்கள் ஊர் எடை, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

"இரண்டு கட்டி" என்றான் நம் மூக்குக்கண்ணாடி.

"ஒன்று. உங்கள் கோழி நொண்டியாமே!"

"உங்கள் கருவாட்டில் பாதி மண்!"

இல்லாத கோழிக்காகவும் இல்லாத கருவாட்டுக்காகவும் இருவரும் மேசையை உடைத்தார்கள். நான் ஊற்றிக் கொடுத்த தேநீர் அவர்கள் கத்தியதிலேயே கொதித்தது. வெளியே பிளாட்பாரத்தில் சயாம் ஆட்கள் மூட்டையோடு நின்றார்கள். செட்டியாரும் நின்றார். வண்டி வந்துவிட்டது. அவரோ ஜன்னல் வழியே பேரத்தைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"மீனா, சரக்கின் தொல்லையே இல்லாத சுத்தமான வியாபாரம்! இதத்தான் இத்தன வருஷமாத் தேடுனேன்!"

"மொதல்ல உசுரத் தேடுங்க!" என்று ஆச்சி அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

விசில் ஊதியது. செட்டியார் ஜன்னலுக்குள் தலையை நுழைத்தார். "ஒன்றே முக்கால் கட்டி! மிச்சக் கால் கட்டியை அடுத்த வருஷக் கருவாட்டில் நேர் செய்துகொள்ளலாம்!"

அறை அமைதியானது. யாருக்கும் தோல்வியில்லை. இரண்டு அதிகாரிகளும் இடுப்பு ஒடியும்படி குனிந்து வணங்கிக்கொண்டார்கள். மூக்குக்கண்ணாடி சிவப்புப் பென்சிலால் பட்டியலில் ஒரு பெயரை அடித்தான்.

நான் நிறுத்தியதும் கடை குலுங்கிச் சிரித்தது. "என்னா வீரமுத்து அண்ணே, நெசமாவா?" என்று யாரோ கேட்டார்கள்.

வீரமுத்து கோப்பையைக் கீழே வைத்தான். "கோழிக் கணக்கு சுத்தப் புளுகு. தேத்தண்ணி கொதிச்சதும் புளுகு." கோப்பையை ஓரமாகத் தள்ளினான். "ஆனா அன்னிக்கிப் பச்சைக் கொடி காட்டுனவன் நான். அந்த வண்டில போனவங்க மொகம் அத்தனையும் இன்னும் ஞாபகம் இருக்கு. செட்டியாரு அதுல இல்ல. ஆச்சி அவரு வேட்டியப் புடிச்சிக்கிட்டு நின்னாங்க, வண்டி கண்ணுக்கு மறையிற வரைக்கும் விடல. நடந்ததுதான்லா."