ருசி பார்க்காத பச்சடி

வருடப் பிறப்புப் பச்சடியை நானே செய்கிறேன் என்று முந்திக்கொண்டதற்குக் காரணம், சாமிக்குப் படைக்கும்வரை அதை யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பதுதான். காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியும் என் நாக்கில் ருசி திரும்பவில்லை. ஊறுகாய்க் கம்பெனியில் ருசி பார்ப்பது என் வேலை. திங்கட்கிழமை விடுப்பு முடிகிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம்.

மாங்காயை வேகவைத்து, வெல்லம் கரைத்து, புதிதாகப் பூத்த வேப்பம்பூவை நெய்யில் வறுத்துப் போட்டேன். உப்பு போட்டேனா? போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது. முன்பெல்லாம் கொதிக்கிற ஆவியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். டப்பா திறந்திருந்தது. அதை வைத்து என்ன சொல்ல முடியும்? இன்னொரு பிடி போட்டேன்.

படையல் முடிந்து உட்கார்ந்ததும் என் பங்கை நிதானமாகச் சாப்பிட்டபடி மற்றவர்களின் முகத்தைக் கவனித்தேன். மாமியார் ஒரு கண்ணை மூடினார். நாத்தனார் மளமளவென்று தண்ணீர் குடித்தாள். ஆனால் கசப்பும் புளிப்புமான பச்சடியை எந்த வருடம் யார் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள்? கணவர் பிரமாதம் என்றார். எட்டு வருடத்தில் அவர் பாராட்டியது தயிரை மட்டும்தான்.

நாத்தனாரிடம் மெதுவாகக் கேட்டேன்.

“எப்பவும் போலத்தான் அண்ணி.”

எப்பவும் என்றால் எப்படி? அதற்குள் மாமியார் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். அதோடு எனக்கு எதுவுமே புரியாமல் போயிற்று.

“எனக்கு ருசி தெரியல அத்தே. மூணு வாரமா.”

கணவரின் கை பாதியில் நின்றது. “அப்ப இது உப்புக் கரிக்கறது நெசந்தானா? என் நாக்குதான் செத்துப்போச்சுன்னு நெனச்சேன்.”

“ருசி பாக்கறதே தொழிலா வச்சிருக்கறவ நீ,” என்றார் மாமியார். “நீயே வழிச்சு வழிச்சு சாப்பிடறே. நாங்க எந்த வாயால குறை சொல்றது?”

பிறகு ஏன் இரண்டாம் முறை வாங்கினீர்கள் என்றேன். சந்தேகம் தீரட்டும் என்றுதானாம். நாத்தனாருக்குச் சிரிப்பில் புரையேறியது.

மாமியார் சமையலறைக்குப் போய் மூடிய கையோடு வந்தார். வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கில் சொரசொரப்பாக ஏதோ விழுந்தது. எங்கோ தொலைவில் சுருக்கென்ற மாதிரி இருந்தது. நானாக நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். வழக்கம்போல அவர் முகத்தில் தேடினேன். அதில் ஒன்றும் இல்லை.

“தெரியல அத்தே.”

“சரி. திங்கக்கிழமை அங்கயும் இதையே சொல்லு.”

தலையாட்டினேன். என்ன போட்டார் என்று கேட்பதற்குள் அது கரைந்துவிட்டது.